ஓப்பன் சோர்ஸ் நிரலை எடுத்தாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒரு பொம்மை ரயில் வழக்கு சொல்லும் பாடங்கள்

வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்களின் நிரலைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்புகளில் ஒன்று. நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்பதை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். அது எங்கிருந்து வந்தது, எந்த உரிமத்தோடு வந்தது என்பதுதான் என் கேள்வி. ஆண்டுதோறும் புதிய பிள்ளைகள் வருகிறார்கள், அதே இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்து எழுந்த இடங்கள்தான், அதனால் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.

உரிமத்தைப் படியுங்கள், அடுத்தவர் நிரலை உங்களுடையது என்று சொல்லாதீர்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது யாருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு நாம் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவற்றில் பலவற்றுக்கு 2008-இல் அமெரிக்காவில் வந்த ஒரு தீர்ப்பிலேயே பதில் இருக்கிறது. ஜேக்கப்சன் எதிர் காட்சர் என்று பெயர். நிரலை எல்லோரும் பார்க்கவும் எடுத்தாளவும் மாற்றவும் திறந்துவிடும் ஓப்பன் சோர்ஸ்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் வழக்கு, அதே அளவுக்குத் தப்பாகவும் சொல்லப்படும் வழக்கு.

"இலவசமாகக் கொடுத்ததற்கு வழக்கு எப்படிப் போடுவார்கள்?"

ராபர்ட் ஜேக்கப்சன் அப்போது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். மாதிரி ரயில்கள் மேல் ஆர்வம் கொண்டவர். அவரும் அதே ஆர்வம் உள்ள தன்னார்வலர்களும் சேர்ந்து ஜேஎம்ஆர்ஐ என்ற மென்பொருளை எழுதினார்கள். பொம்மை எஞ்சினுக்குள் டீகோடர் என்றொரு சின்னச் சிப் இருக்கும். வேகம், விளக்கு, ஒலி எல்லாவற்றுக்குமான அமைப்புகள் அதில்தான். ஒவ்வொரு தயாரிப்பாளரின் டீகோடரும் ஒவ்வொரு மாதிரி. அந்த விவரங்களை வகைபிரித்துத் தொகுத்த வரையறைக் கோப்புகள் ஜேஎம்ஆர்ஐயோடு சேர்ந்து வரும். ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ் என்ற உரிமத்தின்கீழ் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த மாத்யூ காட்சர் இதே துறையில் வணிக மென்பொருள் விற்றவர். சண்டை முதலில் பேடன்டில்தான், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமையில்தான் தொடங்கியது. ஜேஎம்ஆர்ஐ தன் பேடன்டை மீறுகிறது என்று சொல்லி, இரண்டு லட்சம் டாலருக்கும் மேல் ராயல்டி கேட்டார் காட்சர். காசே வாங்காமல் கொடுக்கும் பொருளுக்கு! ஜேக்கப்சன் 2006-இல் நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் ஜேஎம்ஆர்ஐயின் வரையறைக் கோப்புகளை காட்சர் தரப்பு தன் மென்பொருளில் எடுத்துப் போட்டிருந்த விஷயமும் சேர்ந்துகொண்டது.

பதிப்புரிமை மீறல் என்று சொல்லித் தடை கேட்டார் ஜேக்கப்சன். 2007-இல் கலிபோர்னியாவின் மாவட்ட நீதிமன்றம் மறுத்துவிட்டது. உரிமம் இவ்வளவு தாராளமாக இருக்கிறது, அதன் விதியை மீறினால் அது ஒப்பந்தத் தகராறுதானே தவிர பதிப்புரிமை மீறல் ஆகாது என்பது அதன் பார்வை.

எந்தப் பெயரில் அழைத்தால் என்ன என்று தோன்றலாம். வீட்டை வாடகைக்கு எடுத்தவர் வாடகையைத் தாமதமாகக் கொடுத்தால் அது பாக்கி. உரிமையாளர் பூட்டி வைத்திருக்கும் அறையைத் திறந்து உள்ளே போனால் அது அத்துமீறல். ஒப்பந்த மீறல் முதல் வகை, அங்கே பொதுவாகக் கிடைப்பது நேர்ந்த நஷ்டத்துக்கான பணம். இலவசப் பொருளுக்கு நஷ்டக் கணக்கு எங்கே போய்ப் போடுவது? பதிப்புரிமை மீறல் இரண்டாம் வகை. அங்கே விநியோகத்தையே நிறுத்தச் சொல்லித் தடை கேட்கலாம். மாவட்ட நீதிமன்றம் சொன்னதே நிலைத்திருந்தால், ஓப்பன் சோர்ஸ் உரிமங்கள் எல்லாம் பல்லில்லாத காகிதமாகப் போயிருக்கும்.

2008 ஆகஸ்ட் 13 அன்று, பேடன்ட் வழக்குகளின் மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. உரிமத்தின் முகவுரையிலேயே நிபந்தனைகள் என்று எழுதியிருக்கிறது. இன்னின்னவற்றைச் செய்தால் மட்டுமே அனுமதி என்ற பொருள்படும் வாசகமும் உள்ளே இருக்கிறது. கலிபோர்னியா சட்டப்படி அப்படிப்பட்ட வாசகம் நிபந்தனையைக் குறிக்கும். நிபந்தனையை மீறினால் அனுமதி இல்லை, அனுமதி இல்லாமல் நகலெடுத்தால் அது பதிப்புரிமை மீறல். கூடவே இன்னொன்றும் சொன்னது: காசு கைமாறவில்லை என்பதால் பொருளாதாரப் பயன் இல்லை என்று ஆகாது. பெயர் பரவுகிறது, பயனர்கள் கூடுகிறார்கள், பிறர் செய்யும் திருத்தங்கள் செலவில்லாமல் வந்து சேர்கின்றன.

கோப்பின் தலையில் இருக்கும் குறிப்பை அழிப்பது

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன்.

அந்த வழக்கில் காட்சர் தரப்பு செய்ததாகச் சொல்லப்பட்டது என்ன? நிரலைப் பயன்படுத்தியது குற்றமில்லை. விற்கிற பொருளில் சேர்த்ததும் தன்னளவில் குற்றமில்லை, அதற்கு அந்த உரிமத்தில் வழி உண்டு. விடுபட்டவை இவை: எழுதியவர்களின் பெயர்கள், ஜேஎம்ஆர்ஐயின் பதிப்புரிமை அறிவிப்பு, உரிம வாசகம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற குறிப்பு, மூலம் சோர்ஸ்ஃபோர்ஜ் (நிரல் பகிரும் இணையதளம்) அல்லது ஜேஎம்ஆர்ஐ என்ற அடையாளம், அசலில் என்ன மாற்றினோம் என்ற விளக்கம். எல்லாம் சேர்ந்து சில வரிகள். வைத்திருந்தால் ஒரு பைசா செலவில்லை. அழித்ததற்கு ஆண்டுக்கணக்கில் வழக்கு.

போன மழைக்காலத்தில் ஒரு பையன், உண்மையிலேயே கெட்டிக்காரன், ஒரு மாற்றத்தை அனுப்பினான். தலைப்பு: "சுத்தப்படுத்தல்". படத்தின் அளவைச் சுருக்க எம்ஐடி என்ற உரிமத்தில் வந்த ஒரு நூலகத்திலிருந்து (பிறர் எடுத்தாள எழுதிவைத்த நிரல் தொகுப்பு) சில கோப்புகளை எடுத்திருந்தான். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் நம் நிறுவனத்தின் பதிப்புரிமை வரி இருக்க வேண்டும் என்று எங்கள் சோதனைக் கருவி அடம்பிடிக்கும். எனவே ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி, பழைய குறிப்புகளை வழித்தெடுத்துவிட்டு எங்கள் பெயரை ஒட்டியிருந்தான். வெறும் அழிப்பு அல்ல, வேறொருவர் எழுதியதை நாங்கள் எழுதியதாக அச்சடித்தது. "எம்ஐடிதானே சார், அதில் நிபந்தனையே இல்லையே" என்றான்.

நிபந்தனை இருக்கிறது. எம்ஐடி கேட்பதே அந்த ஒன்றைத்தான்: பதிப்புரிமை அறிவிப்பும் அனுமதி வாசகமும் எல்லா நகல்களிலும், நிரலின் கணிசமான பகுதிகளிலும் இருக்க வேண்டும். நான்கு பத்தி படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காகவே சுருக்கமாக எழுதிய உரிமத்தில், இருக்கிற ஒரே நிபந்தனையை மீறுவதற்கும் ஒரு திறமை வேண்டும். பிஎஸ்டி உரிமங்களும் இதையே கேட்கின்றன. அப்பாச்சி 2.0 இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்: இருக்கும் அறிவிப்புகளை விட்டுவைக்க வேண்டும், மாற்றிய கோப்பில் மாற்றியதாகச் சொல்ல வேண்டும், நோட்டீஸ் கோப்பு இருந்தால் அதையும் கூட எடுத்துப் போக வேண்டும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். குறிப்பை அழிப்பவர் முதலில் குழிதோண்டுவது தன் சொந்தக் குழுவுக்குத்தான். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நிறுவனத்தை விற்கும் பேச்சு வந்தது. வாங்க வந்தவர்களின் வக்கீல்கள் எங்கள் நிரலை, வெளி நிரல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு ஸ்கேனர் மென்பொருள் வழியாக விட்டார்கள். ஒரு கோப்புறை முழுக்க எங்கேயோ இருக்கும் ஓப்பன் சோர்ஸ் நிரலோடு பொருந்துகிறது என்று வந்தது. தலைக்குறிப்பு ஒன்றுகூட இல்லை. கொண்டுவந்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். எந்தப் பதிப்பு, எந்த உரிமம், நடுவில் உரிமம் மாறியதா, ஒன்றுக்கும் பதில் இல்லை. அது தாராளமான உரிமமாகவே இருந்திருக்கலாம், ஆனால் அதை நிரூபிக்க எங்கள் கையில் ஒன்றும் இல்லை. கடைசியில் அந்தப் பகுதியையே புதிதாக எழுதச் சொன்னார்கள். பேரம் தள்ளிப்போனது, தூக்கம் போனது எங்களுக்கு.

அமெரிக்காவில் இதற்குத் தனியாக இன்னொரு ஆபத்தும் உண்டு. டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் 1202-ஆம் பிரிவு, மீறலுக்கு வழிவிடும் என்று தெரிந்தே பதிப்புரிமைத் தகவலை நீக்குவதைத் தனிக் குற்றச்சாட்டாக வைக்கிறது. ஒவ்வொரு மீறலுக்கும் 2,500 முதல் 25,000 டாலர் வரை நீதிமன்றம் விதிக்கலாம். ஜேக்கப்சன் வழக்கு திரும்பி வந்த பிறகு, கோப்புகளில் இருந்த ஆசிரியர் பெயர், அறிவிப்பு போன்றவை இந்தப் பிரிவு பாதுகாக்கும் தகவல்தான் என்று மாவட்ட நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

சரி, என்ன செய்யலாம்? வெளியிலிருந்து எடுப்பதைத் தனிக் கோப்புறையில் வையுங்கள், உங்கள் சோதனைக் கருவியிடம் அந்தக் கோப்புறையைத் தொடாதே என்று சொல்லிவிடுங்கள். முதல் கமிட்டில் (மாற்றங்களைப் பதிவு செய்யும் படி) அசலை ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுங்கள், எங்கிருந்து எடுத்தது, எந்தப் பதிப்பு என்று கமிட் செய்தியில் எழுதுங்கள். உங்கள் மாற்றங்கள் அடுத்த கமிட்டில் வரட்டும். என்ன மாற்றினோம் என்ற கேள்விக்கு அப்புறம் மாற்ற வரலாற்றைக் காத்து வைக்கும் ஜிட் கருவியே பதில் சொல்லும். ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்கித் தரும் கருவிகள் குறிப்புரைகளை வாரி வெளியே கொட்டக்கூடியவை. உரிமக் குறிப்புகளை மட்டும் பிரித்துத் தனிக் கோப்பில் வைக்கும் வசதி பலவற்றில் உண்டு, அதை முடுக்கிவிடுங்கள். கைபேசிச் செயலிகளில் அமைப்புகளுக்குள் போனால் "ஓப்பன் சோர்ஸ் உரிமங்கள்" என்றொரு திரை இருக்குமே, யாரும் திறக்காத திரை, அது அங்கே இருப்பதன் காரணம் இதுதான்.

பெயர் போட்டால் போதும் என்று நினைப்பது

விநியோகித்தால் மூல நிரலையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் வந்த நிரலுக்குப் போதாது.

உரிமமே இல்லாத ரெப்போவிலிருந்து (நிரல் களஞ்சியம்) எடுப்பது

உரிமம் இல்லை என்றால் அனுமதி இல்லை. கேட்டு வாங்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

தீர்ப்பை ஊதிப் பெரிதாக்குவது

இது எதிர்த்திசைத் தவறு, ஆர்வலர்கள் செய்வது. ஜேக்கப்சன் வழக்கை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. பேடன்ட் கேள்வியும் வழக்கில் இருந்ததால் மேல்முறையீடு ஃபெடரல் சர்க்யூட்டுக்குப் போனது. நீதிமன்றம் ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்தது என்பார்கள். அதுவும் இல்லை. 2010 பிப்ரவரியில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டபோது காட்சர் தவணையில் தர ஒப்புக்கொண்ட தொகை அது. மேல் நீதிமன்றத்தில் ஜெயித்தவுடன் தடை கிடைத்துவிட்டது என்பதும் தவறு. வழக்கு கீழே திரும்பியபின் 2009 ஜனவரியில் மாவட்ட நீதிமன்றம் மறுபடியும் தடையை மறுத்தது, இந்த முறை உண்மையான பாதிப்புக்குப் போதிய சான்று இல்லை என்ற காரணத்தால்.

உரிமத்தில் எழுதிய எல்லா வரியும் நிபந்தனை ஆகிவிடும் என்பதும் இல்லை. 2010-இல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டைத் தானாக ஆடும் மென்பொருள் பற்றிய வழக்கில், ஒரு விதியை மீறுவது பதிப்புரிமை மீறல் ஆக வேண்டுமானால் அந்த விதிக்கும் பதிப்புரிமை தரும் உரிமைகளுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று கோடு போட்டது. பெயர்க் குறிப்போடு விநியோகி என்பது அந்தக் கோட்டுக்குள் வருவதாக வாதிடலாம். எனக்கு அஞ்சலட்டை அனுப்பு என்பதற்கு அந்த வாதம் கஷ்டம்.

"அது அமெரிக்கா, நமக்கென்ன"

மியூனிக் நீதிமன்றம் 2004-லேயே, ஜேக்கப்சன் தீர்ப்புக்கு நான்கு ஆண்டு முன்பு, ஜிபிஎல் உரிமம் செல்லும் என்று லினக்ஸின் ஒரு பகுதியான நெட்ஃபில்டர் நிரல் தொடர்பான வழக்கில் சொல்லிவிட்டது. பிரான்சில் ஆந்த்ரூவேர் என்ற சிறிய நிறுவனம், தன் ஜிபிஎல் நூலகத்தை உரிமப்படி நடக்காமல் அரசு இணையதளத் திட்டம் ஒன்றில் பயன்படுத்தியதாக 2011-இல் தொலைத்தொடர்பு நிறுவனமான ஆரஞ்ச் மீது வழக்குத் தொடுத்தது. அங்கும் அதே பழைய வாதம்தான், இது ஒப்பந்தத் தகராறு என்று. கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றன. 2022-இல் உச்ச மேல்முறையீட்டு மன்றம் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐந்து லட்சம் யூரோவும், பெயருக்கு நேர்ந்த பாதிப்புக்குத் தனியாக ஒன்றரை லட்சம் யூரோவும் தரச் சொன்னது. இந்தியாவில் 1957 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கணக்கில் எடுக்கிறது.

கூகுள்–ஆரக்கிள் தீர்ப்பைச் சாக்காகச் சொல்வது

"ஏபிஐக்கு (ஒரு நிரலை மற்ற நிரல்கள் அழைக்கும் முறை) பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்பார்கள். சொல்லவில்லை. 2021 ஏப்ரலில் வந்த அந்த 6–2 தீர்ப்பு, பதிப்புரிமை உண்டு என்று வாதத்துக்காக வைத்துக்கொண்டு, ஆரக்கிளின் ஜாவா மொழியிலிருந்து சுமார் 11,500 ஏபிஐ அறிவிப்பு வரிகளை கூகுள் எடுத்தாண்டது நியாயமான பயன்பாடு என்று முடித்தது. செயல்படுத்தும் நிரலை கூகுள் தானே எழுதிக்கொண்டது. நூலகத்தின் உட்பகுதியை அப்படியே நகலெடுத்துவிட்டு இந்தத் தீர்ப்பைக் காட்டினால் என்னிடம் கையெழுத்து வாங்க முடியாது.

சொந்தமாக உரிமம் எழுதுவது

ஜேக்கப்சன் பயன்படுத்திய ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ் 1.0, பெர்ல் மொழியை உருவாக்கிய லேரி வால் எழுதியது. வாசகம் தெளிவாக இல்லை என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதைக் குறை சொன்னது, பிறகு 2.0 வந்தது. அப்படியும் வழக்கில் அது தப்பித்ததற்குக் காரணம் நிபந்தனை என்று நீதிபதிகள் பிடித்துக்கொள்ள அதில் சில சொற்கள் இருந்தன. "பயன்படுத்தினால் என் பெயரைச் சொன்னால் மகிழ்ச்சி" என்று நீங்கள் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் எழுதும் வரியில் அப்படி எதுவும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் உரிமம் ஒன்றின் முழு வாசகத்தையும் ரெப்போவின் வேரில் வையுங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உங்கள் பெயர், ஆண்டு, உரிமத்தின் பெயரைச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் அடையாளம் என்று இரண்டு வரி போடுங்கள்.