‘டிசி வாங்கிட்டுப் போங்க’ என்று பள்ளியில் சொன்னால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

போன் வரும். "நாளைக்குக் காலையில அப்பா அம்மா ரெண்டு பேரும் வந்து ஹெச்.எம்.மைப் பாருங்க" என்பார்கள். போனால், பையில் செல்போன் இருந்தது, மூன்றாவது தடவையாக பாக்ஸ் கட்டிங்கோடு வந்திருக்கிறான், இல்லையென்றால் வராண்டாவில் அடிதடி, எங்கள் பள்ளியில் இதற்கெல்லாம் மன்னிப்பே கிடையாது, டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். நான் இருபத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே வசனத்தைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன், பிறகு என் அக்கா மகனுக்காக இந்தப் பக்கமும் உட்கார்ந்தேன். அங்கே முதல் அரை மணி நேரத்தில் நீங்கள் எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

முதல் வேலை: எந்தக் கடிதமும் எழுதாதீர்கள். பெரும்பாலும் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "குடும்பச் சூழ்நிலை காரணமாக மாற்றுச் சான்றிதழ் வேண்டுகிறேன்" என்று எழுதித் தரச் சொல்வார்கள். நல்ல டிசி தருகிறோம், இல்லையென்றால் நடத்தைக் கட்டத்தில் எழுதிவிடுவோம் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அதை எழுதிவிட்டால், பள்ளி உங்கள் பிள்ளையை நீக்கவே இல்லை, நீங்களாகவே கூட்டிப்போனீர்கள் என்று ஆகிவிடும். பிறகு எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் முதலில் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். மன்னிப்புக் கடிதம் கேட்டால் கொடுக்கலாம், தப்பு நடந்திருந்தால் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் கடைசி வரியில் "இனி பள்ளி எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்" என்று இருக்கிறதா பாருங்கள். அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "வீட்டில் பேசிவிட்டு நாளைக்கு வருகிறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வர உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இரண்டாவது, அந்த அறையில் வைத்துப் பிள்ளையை அடிக்காதீர்கள். "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று நம் ஊர் அப்பாக்கள் சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்தின் மேல் உள்ள நம்பிக்கையில்தான் சொல்கிறார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் பையனுக்கு, தன் பக்கம் இனி ஒரு ஆள்கூட இல்லை என்பது அந்த நிமிடத்தில் உறுதியாகிவிடுகிறது. அதற்கப்புறம் அவன் வாயிலிருந்து உண்மை வராது.

உண்மை வருவது அவசியம். வீட்டுக்குக் கூட்டி வந்து, சாப்பாடு போட்டு, தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், முக்கியமாக அன்றைக்கு நடந்ததை மட்டும் கேட்காமல் அதற்கு முந்தின மாதத்தையும் கேளுங்கள். அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பில் ஒருவனை மூக்கில் குத்திவிட்டான். சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் டிசி, காரணம் கேட்கவே மாட்டோம் என்பது அந்தப் பள்ளியின் விதி. நான்கு மாதமாக வேனில் அவனுடைய டிபன் பாக்ஸைப் பிடுங்கி, அப்பா இல்லாததைச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறார்கள், வகுப்பு டீச்சரிடம் ஒருமுறை சொல்லியும் இருக்கிறான், அவர் "இதெல்லாம் சின்ன விஷயம்" என்று அனுப்பிவிட்டார். மூக்கில் குத்தியது தப்புதான். ஆனால் நான்கு மாதம் பிடுங்கியவனுக்கும் ஒரு நாள் கை ஓங்கியவனுக்கும் ஒரே தண்டனை என்றால், அதற்குப் பெயர் கண்டிப்பா? விசாரிக்கும் வேலையைத் தட்டிக் கழிப்பது என்றுதான் நான் சொல்வேன்.

இப்போது சட்டம். பிள்ளை ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் என்றால் நீங்கள் பலமான இடத்தில் நிற்கிறீர்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 2019-இல் அந்தப் பிரிவைத் திருத்தியபோது ஃபெயில் ஆக்குவது பற்றிய பகுதிதான் மாறியது, வெளியேற்றக் கூடாது என்பது அப்படியே இருக்கிறது. 17-ஆவது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பள்ளி சிறுபான்மை நிறுவனமாக இருந்தால் இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தால் பிரிவு எண்ணைச் சொல்லி வாதாடாதீர்கள், கீழே சொல்லும் கடிதத்தோடு போங்கள்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்தப் பாதுகாப்பு இல்லை. பள்ளிகளுக்கும் அது நன்றாகத் தெரியும். ஒன்பதாம் வகுப்பு முடியும் நேரத்தில் ‘ஒழுங்கீனம்’ என்று டிசி வாங்கும் பிள்ளைகளின் மார்க் ஷீட்டை எடுத்துப் பாருங்கள், பத்தாம் வகுப்பில் சென்டம் ரிசல்ட் காட்ட வேண்டும் என்ற கணக்கு அதற்குள் ஒளிந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் என்ன குற்றச்சாட்டு என்று சொல்லாமல், பிள்ளை தரப்பைக் கேட்காமல் வெளியே அனுப்புவது எந்த வகுப்பிலும் நியாயம் ஆகாது. அதனால் மறுநாள் இப்படி ஒரு கடிதம் கொண்டுபோங்கள்:

"(தேதி) அன்று எங்களை அழைத்து, எங்கள் மகனைப் பள்ளியிலிருந்து நீக்கப்போவதாகத் தெரிவித்தீர்கள். அவன் செய்த தவறு என்ன, எந்த விதியின்படி இந்த முடிவு, விசாரித்தவர்கள் யார் என்பதை எழுத்துமூலம் தரக் கேட்டுக்கொள்கிறோம். அவன் தன் தரப்பைச் சொல்ல, நாங்கள் உடனிருக்க, ஒரு வாய்ப்புக் கொடுங்கள். இறுதி முடிவு வரும்வரை வகுப்புக்கும் தேர்வுக்கும் வர அனுமதியுங்கள்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், பள்ளியின் மின்னஞ்சலுக்கும் ஒன்று. இந்தக் கடிதம் போனதுமே பாதிப் பள்ளிகள் இறங்கி வரும். வாயால் டிசி என்பது சுலபம், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவதென்றால் அவர்களும் யோசிப்பார்கள்.

பேச உட்காரும்போது அவர்கள் ஒன்று சொல்வார்கள்: "ஒருத்தனை அனுப்பினாத்தான் மத்தவங்களுக்குப் பயம் இருக்கும்." அடியாத மாடு படியாது என்பதன் இன்னொரு வடிவம் இது. இதற்குக் கோபப்படாமல் பதில் சொல்லலாம், ஏனென்றால் இதை நம்மைவிடப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1994-இல் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டு வந்தால் ஒரு வருடம் வெளியேற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது, அந்தச் சட்டத்திலேயே ஒவ்வொரு பிள்ளையின் நிலைமையையும் பார்த்துக் குறைக்கலாம் என்று இடம் விட்டிருந்தார்கள். ஆனால் பள்ளிகள் அதே ‘மன்னிப்பு இல்லை’ முறையைச் சின்னச் சின்னத் தப்புகளுக்கும் நீட்டின. அங்கிருக்கும் உளவியலாளர் சங்கம் ஒரு குழு போட்டு ஆராய்ந்து, இதனால் பள்ளிகள் பாதுகாப்பானதாக ஆனதற்கு ஆதாரம் இல்லை என்று 2006-இல் சொன்னது. 2011-இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் மாணவர்களின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். ஏழாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் ஒருமுறையாவது இடைநீக்கமோ வெளியேற்றமோ செய்யப்பட்டிருந்தார்கள், அந்த நடவடிக்கைகளில் 3 சதவீதம் மட்டுமே சட்டப்படி கட்டாயம், மற்றதெல்லாம் பள்ளியே எடுத்த முடிவு. மற்ற எல்லாம் சமமாக இருந்தும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட தண்டனை கிடைக்கும் வாய்ப்பு 31 சதவீதம் கூடுதல். பள்ளியே முடிவு செய்து வெளியே அனுப்பிய பிள்ளைகள், அடுத்த வருடத்துக்குள் சிறார் நீதி அமைப்பில் போய் நிற்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பதினான்கு வயதுப் பையனைப் பகலில் தெருவில் விட்டால் அவனை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். நம் ஊரிலும் யாருக்கு டிசி சட்டென்று கிடைக்கிறது? ஆபீஸ் ரூமில் எதிர்த்துப் பேசத் தெரியாத, வேலைக்கு லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான்.

வெறுமனே "மன்னித்துவிடுங்கள்" என்று கேட்காதீர்கள், மாற்றாக ஒன்றை நீங்களே சொல்லுங்கள். செல்போன் என்றால், இந்தப் பருவம் முழுக்க அது வீட்டில் பூட்டியிருக்கும் என்று எழுதிக் கொடுங்கள். அடிதடி என்றால் அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கு நீங்களே போங்கள், மருத்துவச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், உங்கள் மகன் நேரில் மன்னிப்புக் கேட்கட்டும். இது கஷ்டம், ஆனால் நான் பார்த்தவரை வேறெதையும்விட இதுதான் வேலை செய்கிறது. ஒரு மாதத்துக்கு வாரம் ஒருமுறை வகுப்பு ஆசிரியரைப் பார்க்க வருவதாகவும் சொல்லுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் குறைந்தபட்சம் பொதுத்தேர்வை அந்தப் பள்ளி மூலமே எழுத விடும்படி கேட்டு வாங்குங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால்தான் மேலே போக வேண்டும். 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண், 1098 குழந்தைகளுக்கானது, இரண்டிலும் புகாரைப் பதிவு செய்யலாம். மாநிலப் பாடத்திட்டத் தனியார் பள்ளி என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், அடுத்தது சிஇஓ, அதாவது மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர். அரசுப் பள்ளியில் அதற்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரைப் பிடியுங்கள், அங்கேயே பல விஷயம் முடிந்துவிடும். சிபிஎஸ்இ என்றால் சென்னை மண்டல அலுவலகத்துக்கும் ஒரு பிரதி. அடி, அவமானம் என்று வேறு ஏதாவது நடந்திருந்தால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதுங்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில விஷயங்களில் பள்ளி கண்டிப்பாக இருப்பதுதான் சரி, அங்கே உங்கள் பிள்ளைக்காக நான் வாதாட மாட்டேன். கத்தி அரிவாள், போதைப்பொருள் விற்பது, பாலியல் சீண்டல், சாதியைச் சொல்லித் தாக்குவது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைக் கூடப் படித்த மாணவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியதை மறக்க முடியாது, அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு சாதியைக் காட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது, அது வேண்டும்தான். பாதிக்கப்பட்ட பிள்ளை அதே வகுப்பில் பயந்துகொண்டு உட்காரக் கூடாது. ஆனால் அங்கேயும் விசாரணை வேண்டும். கோயிலில் கட்டிய கயிறா, கூட்டம் சேர்க்கக் கட்டிய கயிறா என்று பார்க்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும், டிசி கொடுத்து அனுப்பினால் அவன் அந்த வன்மத்தை அடுத்த பள்ளிக்குத்தான் எடுத்துப் போகிறான்.

எல்லாம் செய்தும் அங்கே இனி பிள்ளை நிம்மதியாக இருக்க மாட்டான் என்று உங்களுக்கே தோன்றினால் மாற்றிவிடுங்கள், தப்பில்லை. அப்போது சில விஷயம் கவனியுங்கள். சேரப் போகும் பள்ளியில் இடத்தை உறுதி செய்த பிறகு டிசி கேளுங்கள், நடுவில் ஒரு நாள்கூட வீட்டில் உட்கார விடாதீர்கள். ஆசிரியர்களிடம் முறைகேடாக நடக்கும் மாணவர்களை நீக்கினால் காரணத்தை டிசியிலும் நடத்தைச் சான்றிதழிலும் குறிப்பிடுவோம் என்று 2022-இல் கல்வி அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்திருந்தார், அதனால் நடத்தைக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே நின்று படியுங்கள். ஃபீஸ் பாக்கி என்று டிசியைப் பிடித்து வைத்தால், அது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள். மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில் பெயரைப் பழைய பள்ளி விடுவித்துவிட்டதா என்று புதிய பள்ளியில் பார்க்கச் சொல்லுங்கள்.

புதிய பள்ளியில் முதல் வாரமே வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், நடந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள். அக்கா அப்படித்தான் செய்தாள். அந்த ஆசிரியர் முழுவதையும் கேட்டுவிட்டு, "வேன்ல எந்த சீட்ல உக்காருவான்?" என்று மட்டும் கேட்டார், அடுத்த நாளிலிருந்து டிரைவருக்குப் பக்கத்து சீட் அவனுக்கு.