விழுந்துடுவேனோ என்ற பயம் போக

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர்களைக் கட்டிலோடு கட்டிப்போடுவது பெரும்பாலும் இந்தப் பயம்தான். நடக்காமலே இருந்தால் கால் இன்னும் தளரும், விழும் ஆபத்தும் கூடும்.

அப்பாவுக்குக் கைகொடுத்தது எங்கள் வீட்டுச் சமையல் மேடை. பிசியோதெரபிஸ்ட் நிற்கலாம் என்று சொன்னதும், மேடையைப் பிடித்து நிற்கவைத்து, முழங்காலின் பின்புறம் தொடுகிற மாதிரி கனமான மர நாற்காலி போட்டோம். (பிளாஸ்டிக் வேண்டாம், வழுக்கும்.) கால் துவண்டால் அப்படியே உட்காரலாம் என்று தெரிந்ததுமே அவர் முகம் தெளிந்தது. முதல் நாள் பத்து எண்ணும்வரை நின்றார். மறுநாள் அவரே இருபது என்றார்.

துணைக்கு நிற்பவர் பலவீனமான பக்கம், சற்றுப் பின்னால் நின்று இடுப்பைப் பிடிக்க வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். கைத்தடி நல்ல கையில்.

"பார்த்து, பார்த்து!" என்று பதறாதீர்கள். நம் பதற்றம் அவர்களைத் தொற்றிக்கொள்ளும்.

கால்மிதியை எடுத்துவிடுங்கள். ஹவாய் செருப்புக்குப் பதில் பின்பட்டி வைத்த செருப்பு. ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.