வீடு காலியானால் ஏழு நாளுக்குள் கடிதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (வீட்டுக் குடியிருப்புப் பகுதி) வீட்டைப் பழுது பார்க்க வாடகை ஆளை வெளியேற்றினால், காலியான ஏழு நாளுக்குள் வீடு காலி என்று கோலா கங்சார் நகராண்மைக் கழகத்துக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 1976 ஊராட்சிச் சட்டப்படி (சட்டம் 171), குடியிருக்கத் தகுதியாக்கும் பழுதுவேலைக்காகக் காலியாக இருந்த காலத்துக்கு சுக்காய் தக்சீரானில் (கழகத்துக்குக் கட்டும் வீட்டு வரியில்) கழிவு கேட்கலாம். வாடகைக்கு ஆள் கிடைக்காத நல்ல வீட்டுக்கும் இது உண்டு. ஆனால் நியாயமான வாடகைக்கு ஆள் தேடியதைக் காட்ட வேண்டும். மீட்டர் சுழலாத மின்கட்டண, தண்ணீர் பில்களைப் பத்திரப்படுத்துங்கள். பலர் வேலை முடிந்த பிறகே எழுதுகிறார்கள். அங்கேதான் பணம் போகிறது.

ஒரு மாதத்துக்குக் குறைவாகப் பூட்டியிருந்தால் கிடையாது. பின்கட்டில் சமையலறையை நீட்டினால் வரிக்கு அடிப்படையான ஆண்டு மதிப்பே கூடும். தோட்டக் கம்பெனியின் லயன் (வரிசை) வீடுகளில் குடியிருப்போருக்கு இது பொருந்தாது.