சந்தையில் வாங்கிய கோழி மறுநாளே ஏன் காணாமல் போகிறது?

காரைக்குடிச் சந்தையில் முட்டையிடும் பருவத்தில் இரண்டு பெட்டைக்கோழி வாங்கி வந்தேன். மறுநாள் விடிந்ததும், மேயட்டுமே என்று கூட்டைத் திறந்துவிட்டேன். ஒன்று கிணற்றடியைக் கிளறப் போனது. இன்னொன்று மதில் மேல் ஏறி, அடுத்த வீட்டு வளவுக்குள் குதித்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் தெரியுமே, கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் திறப்பார்கள். சாவி சென்னையில் இருக்கும். இரண்டு நாள் உள்ளிருந்து கொக்கரிப்பு கேட்டது. மூன்றாம் நாள் அதுவும் இல்லை.

கோழியைச் சொல்லிக் குற்றமில்லை. வளர்ந்த கோழிக்குப் பொழுது சாய்ந்தால் பழகிய இடத்தில்தான் அடையத் தெரியும். புதுக் கூடு அந்த இடமாக மாற, ஒரு வாரமாவது வெளியே விடாமல் தீனி, தண்ணீர் எல்லாம் உள்ளேயே வைக்க வேண்டும். கூடு சின்னதென்றால் முன்னால் வலை கட்டிக்கொள்ளுங்கள். பகலெல்லாம் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்துவிட்டு ராத்திரி மட்டும் கூட்டில் போட்டால் அதற்குக் கூடு பழகாது. அதிலும் சித்திரை வெயிலில் பஞ்சாரம் வேண்டவே வேண்டாம். கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து இரைத்தே சாகும். முதல் தடவை திறப்பதைச் சாயங்காலம், அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, தீனி போடாமல் செய்யுங்கள். இருட்டும் பசியும் சேர்ந்து கூட்டுக்கே திருப்பிக்கொண்டு வந்துவிடும்.

அப்போது வீட்டில் வேறு கோழி இல்லாததால் தப்பித்தேன். இருந்திருந்தால் அன்றைக்கே ஒன்றாக அடைத்திருப்பேன். அதுதான் பெரிய தவறு. வெள்ளைக்கழிச்சல் தொற்றிய கோழி ஐந்தாறு நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட, நன்றாகவே மேயும். பிறகு ஒரு கோழி கூட்டையே காலி செய்துவிடும். அதனால் புதுக் கோழியை மூன்று வாரம் தனியாக வேறு இடத்தில் வையுங்கள். பழைய கோழிக்கு முதலில் தீனி, புதுசுக்குக் கடைசியில். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் செல் என்கிற பொடிப்பூச்சி, பேன் இருக்கிறதா பாருங்கள். தடுப்பூசியை வந்த களைப்போடு போட வேண்டாம்; கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போடலாம், பிப்ரவரியில் இந்தக் கழிச்சலுக்குத் தடுப்பூசி முகாமும் நடக்கும்.

சேர்க்கும்போது பட்டப்பகலில் பழைய கோழிகளுக்கு நடுவே கொண்டுபோய் விட்டால் கொத்திக் கொண்டையைக் கிழித்துவிடும். சில நாள் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒன்றையொன்று பார்க்கட்டும். அப்புறம் ஒரு ராத்திரி, எல்லாம் அடைந்த பிறகு, கழியில் பக்கத்தில் ஏற்றி விடுங்கள். காலையில் சண்டை வரத்தான் செய்யும். ரத்தம் தெரிகிற வரை தலையிட வேண்டாம். தெரிந்தால் உடனே பிரித்துவிடுங்கள், சிவப்பைக் கண்டால் மற்றதெல்லாம் அங்கேயே கொத்தும். தீனியும் தண்ணீரும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒற்றைக் கோழியாகச் சேர்க்காமல் இரண்டு மூன்றாகச் சேர்த்தால் அடி பகிர்ந்துபோகும்.

முட்டை நின்றுபோனதென்று விற்றவரைத் திட்டாதீர்கள். இடம் மாறினால் சில வாரம் அப்படித்தான். எனக்கு மிச்சமிருந்த பெட்டை இருபத்துமூன்றாம் நாள்தான் முட்டையிட்டது. அதுவும் கூட்டில் இல்லை, கிணற்றடியில் குவித்திருந்த தென்னைமட்டைக்குள்.