பன்மொழிக் கருத்தரங்கில் தமிழ்க் கட்டுரை வாசிப்பது எப்படி?

பெங்களூருவில் நடக்கும் மொழி, இலக்கியக் கருத்தரங்குகளில் உங்கள் அமர்வில் தமிழ் படித்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். அமர்வுத் தலைவர் கன்னடப் பேராசிரியர். பக்கத்தில் தெலுங்கு, உருது ஆய்வாளர்கள். மதுரையிலோ தஞ்சாவூரிலோ வாசித்த கட்டுரையை அப்படியே கொண்டுவந்தால் அவையில் பாதிப் பேருக்கு எட்டாது. நல்ல ஆய்வு அப்படி வீணாகக் கூடாது.

முதலில் தலைப்பு. 'கர்நாடகத்தில் தமிழ்' என்பது 15 நிமிடத்தில் அடங்காது. 'தொம்மலூர் சொக்கநாதர் கோயில் தமிழ்க் கல்வெட்டுகளில் ஊர்ப் பெயர்கள்' என்றால் அடங்கும். கன்னட ஆய்வாளரும் நிமிர்ந்து உட்காருவார், அது அவருடைய ஊரும்தானே. கல்வெட்டு வாசகத்துக்குக் கர்நாடகக் கல்வெட்டுகளின் தொகுப்பு நூல்வரிசையான எபிகிராபியா கர்நாடிகாவின் 9ஆம் தொகுதியைப் பாருங்கள். பெங்களூரு மாவட்டத்துக்கு உரியது அது, 1905இல் வெளிவந்தது. தொகுதியில் உள்ள கல்வெட்டு எண்ணையும் குறியுங்கள்.

ஆய்வுச்சுருக்கம் பெரும்பாலும் 250 முதல் 300 சொல் கேட்பார்கள். கேள்வி என்ன, எந்தச் சான்றுகள், எப்படி ஆராய்ந்தீர்கள், என்ன கிடைத்தது: இந்த நான்கும் போதும். தமிழின் தொன்மைக்கே பாதி இடத்தைக் கொடுத்த சுருக்கங்களில் ஆய்வு முடிவுக்கு இடம் இருக்காது. தேர்வுக்குழு தேடுவது அந்த முடிவைத்தான்.

அதிகம் பேர் சறுக்குவது நேரத்தில். வாசிக்க 15 நிமிடம், கேள்விக்கு 5 என்பதே வழக்கம். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டி வருவதால் சொல் நீளம். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 90, 100 சொல்தான் போகும். ஆங்கிலக் கட்டுரையின் கணக்கு இங்கே உதவாது. 1,200 சொல்லில் தனி வாசிப்புப் படி எழுதுங்கள். இதழுக்கு எழுதிய 5,000 சொல் கட்டுரையை மேடையில் பக்கம் பக்கமாகத் தாண்டினால் வாதத்தின் இணைப்பு அறுந்துவிடும். எழுத்து 14 புள்ளி அளவில் இருக்கட்டும். மணி அடித்தால் எந்தப் பத்தியை விடுவது என்று ஓரத்தில் முன்பே கோடு போட்டு வையுங்கள்.

மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் திரையில் மூன்று வரி வேண்டும்: தமிழ் எழுத்தில் ஒன்று, ரோமன் எழுத்தில் ஒன்று, பொருள் ஒன்று. ரோமனில் 'ழ'வுக்குச் செய்தித்தாள் பாணி இரட்டை எழுத்து (zh) வேண்டாம். எல் எழுத்தின் அடியில் கோடு. 'ள'வுக்கு அதன் அடியில் புள்ளி. இந்த வேறுபாடு விட்டுப்போனால் ஒப்பிலக்கணப் பேச்சே குழம்பும். பழங்கன்னடத்திலும் ழகரம் இருந்தது. பின்னர் பல சொற்களில் ளகரமானது. நம் 'கோழி' இன்றைய கன்னடத்தில் 'கோளி'. இப்படி ஒரு சொல்லைக் காட்டினால் அவை முழுவதும் உங்களோடு வரும்.

எழுத்துரு அடுத்த கண்ணி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்லைடு, அது நிறுவப்படாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒற்றுப் புள்ளியையும் கொம்பு, கால்களையும் வரி வரியாகச் சரிபாருங்கள். பிடிஎஃப் பிரதி ஒன்றைப் பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள். கையேடாக 15 பிரதி எடுத்துச் சென்றால் மின்சாரம் போனாலும் கவலை இல்லை.

பதிவுப் படிவத்தில் பெயரை ஆய்வுப் பதிவில் உள்ளபடியே எழுதுங்கள். முன்னெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் வந்தால் சான்றிதழைத் திருத்த அலைய வேண்டியிருக்கும்.

பெங்களூருப் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தில் அமர்வு என்றால் அல்சூர் பக்கத்தில் தங்குபவர்கள் மெட்ரோவில் வரலாம்; இரண்டு நிலையங்களும் ஊதாத் தடத்தில்தான் உள்ளன, மாற வேண்டாம். காலை நெரிசலில் ஆட்டோவை நம்பி முதல் அமர்வைத் தவறவிடாதீர்கள்.

கேட்கப்பட்ட கேள்விகளை அன்று மாலையே எழுதிவையுங்கள். தொகுப்புக்குக் கட்டுரையை அனுப்பும்போது திருத்த வேண்டிய இடங்கள் அவற்றில்தான் இருக்கின்றன.