ஆள் நுழையணும், ஆடு நுழையக் கூடாது: வேலியில் வழி விடும்போது செய்கிற தவறுகள்

ஆட்டுக்கு வேலி போடுகிறவர்கள் கம்பி, கல்தூண், கூலி எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆள் எப்படிப் போய் வருவது என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள். வண்டி போகப் பெரிய கேட் இருக்கிறதே, அது போதாதா? போதாது. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையை ஒட்டிய சாயல்குடிப் பக்கம் பனங்காடுகளில் நிலம் ஒருவருடையது, மரம் ஏறுகிறவர் வேறொருவர். பதநீர்க் காலத்தில் அவர் காலையும் மாலையும் வந்தே ஆக வேண்டும். கேட் தொலைவில் இருந்தால் சுற்றிக்கொண்டா போவார்? இடுப்பில் அரிவாள் பெட்டியோடு கீழ்க் கம்பியை மிதித்து, மேல் கம்பியைத் தூக்கிக் குனிந்து நுழைந்துவிடுவார். நாளடைவில் அந்த இடத்தில் கம்பி தொய்ந்துவிடும். அதை உங்களுக்கு முன்னால் வெள்ளாடு கண்டுபிடித்துவிடும்.

ஆளைத் திட்டிப் பயனில்லை. வேலி போடும் முன்பே ஒற்றையடிப் பாதை எங்கே ஓடுகிறது என்று பாருங்கள், வழியை அங்கேயே வையுங்கள். உங்கள் வசதிக்காக வேறு மூலையில் வைத்தால் பழைய பாதையில்தான் வேலி பிய்யும்.

அடுத்த தவறு, மாட்டுக்கு ஏற்ற வழியை ஆட்டுக்கும் வைப்பது. கீழே நெருக்கி, மேலே அகட்டி இரண்டு கம்பம் நட்டு விடுகிற சந்து மாட்டுக்குச் சரி. மனிதனுக்குக் கால் ஒல்லி, இடுப்பு அகலம் என்பதால் நாம் நுழைந்துவிடுவோம், மாட்டின் வயிறு நுழையாது. வளைந்து வளைந்து போகிற சந்தும் அப்படித்தான், மாட்டால் அத்தனை குறுகலில் திரும்ப முடியாது. ஆனால் தலை நுழைந்தால் உடம்பையும் நுழைத்துவிடுகிற ஆட்டுக்குட்டிக்கு இதெல்லாம் ராஜபாட்டை. நம் பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளி மயிர் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். இங்கிலாந்துப் பண்ணைப் படங்களைப் பார்த்து அதே அகலத்தில் சந்து விட்டால் ஒல்லியான நம் ஆடு வெளியே நிற்கும்.

வேலியின் இரு பக்கமும் படி வைத்து ஏறி இறங்குவது இன்னொரு வழி. மாடும் செம்மறியும் பெரும்பாலும் அதில் ஏறாது. வெள்ளாட்டுக்குப் படி வைப்பது அதை வா வா என்று கூப்பிடுவதுதான். பின்னங்காலில் நின்று கருவைக் கொப்பை வளைத்துத் தின்கிற, நம் பக்கத்து வெள்ளாட்டு இனமான கொடி ஆடு நாலு படிக்கு அசந்துவிடுமா? போதாக்குறைக்குச் சேலை கட்டி, தலையில் விறகுக் கட்டோடு வருகிற பெண்கள் அதில் ஏறவும் முடியாது. அவர்கள் படிக்குப் பக்கத்தில் முள்ளை விலக்கிப் புது வழி போடுவார்கள்.

வெள்ளாடு இருந்தால் தானாக மூடிக்கொள்ளும் சின்னக் கதவுதான் நல்லது என்பேன். படலைக் கயிற்றால் கட்டிவிட்டு, 'போகும்போது கட்டிட்டுப் போங்க' என்று சொல்வதை நம்பாதீர்கள். தலைச்சுமையோடு போகிறவருக்குக் கை ஏது? கதவைத் தாங்கும் தூணை வாசல் பக்கமாக லேசாகச் சாய்த்து நட்டால் போதும், விட்டதும் கதவு தன் பாரத்திலேயே வந்து மூடும். கதவு பட்டிக்கு உள்பக்கமாகத் திறக்கட்டும், வெளிப்பக்கம் திறக்காதபடி ஒரு தடுப்புக் கட்டை வையுங்கள். அப்போதுதான் ஆடு முட்டினால் கதவு இன்னும் இறுகும். வெளிப்பக்கம் திறக்க வைத்துவிட்டால் முட்டின முட்டில் மந்தை ரோட்டில் நிற்கும். அகலத்தை வெறும் ஆளை வைத்து அளக்காதீர்கள், விறகுக் கட்டோடு ஒருவரை நடக்கவிட்டு அளந்து பாருங்கள்.

நம் கடற்கரைக்கென்று சில தொல்லைகள் தனி. ஆடிக் காற்றில் மணல் வந்து குவிந்தால் கதவு அசையாது. மணலுக்காகக் கதவை உயர்த்தி மாட்டினால் அடியில் குட்டி தவழ்ந்துபோகும். ஒரு சாண் உயரத்துக்குப் பனஞ்சட்டத்தை வாசற்படியாகப் போட்டு, அதற்கு மேல் கதவு ஆடும்படி விடுங்கள். குவிகிற மணலை மட்டும் அவ்வப்போது தள்ளிவிட்டால் போதும். தூணை ஆழமாக நட்டு, அடியில் குறுக்குக் கட்டை கொடுக்காவிட்டால் கதவு ஆடி ஆடி மணலில் தூண் சாய்ந்துவிடும். உப்புக் காற்றில் இரும்புக் கீல் சீக்கிரம் துருவேறும். பழைய டயர் ரப்பரை வெட்டி ஆணியடித்தால் அதுவே நல்ல கீல், ஆணித் தலையில் மட்டும் தார் தடவி வையுங்கள். நைலான் கயிறு துருப்பிடிக்காது, சரி, ஆனால் வெயிலில் இற்றுப்போகும்.

வேலியில் வீட்டுக் கரண்டை இழுத்துவிடுவது குற்றம், ஆள் செத்துப்போவான். முறையான சோலார் வேலி போட்டிருந்தாலும், வழி இருக்கும் இடத்தில் கம்பியை உறை மூடிப் பூமிக்கடியில் கொண்டுபோங்கள், எச்சரிக்கைப் பலகையும் வையுங்கள். முள்கம்பி என்றால் கை படும் இடத்தில் பழைய ஓஸ் குழாயைப் பிளந்து மாட்டுங்கள்.

வேலை முடிந்ததும் ஆசாரிக்குக் காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். மந்தையிலேயே துடுக்கான ஆட்டை உள்ளே விட்டு, கதவுக்கு வெளியே பசுங்குழையைக் கட்டித் தொங்கவிட்டு அரை மணி நேரம் தள்ளி உட்காருங்கள். எங்கே பலகை சேர்க்கணும், கொண்டியை எந்தப் பக்கம் வைக்கணும் என்று அதுவே காட்டிவிடும்.