மேடையில் தடுமாறினால் மன்னிப்புக் கேட்க வேண்டாம்

பேச்சின் நடுவே ஒரு சொல் தவறிவிட்டால், மன்னிப்புக் கேட்டு நிற்காமல், சரியான சொல்லைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். அடுத்துச் சொல்ல வேண்டியது மறந்துபோனால், ஒரு மிடறு தண்ணீர் குடித்து, கடைசியாகச் சொன்ன கருத்தையே வேறு சொற்களில் மீண்டும் சொல்லுங்கள். விட்ட இடம் பெரும்பாலும் நினைவுக்கு வந்துவிடும்.

அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1966இல் வெளியிட்ட ஆய்வில், வினாக்களுக்குத் திறமையாக விடையளித்த ஒருவர் காப்பியைத் தன்மேல் கொட்டிக்கொள்ளும் ஒலிப்பதிவைக் கேட்டவர்களுக்கு, அந்தத் தவறு இல்லாத பதிவைக் கேட்டவர்களைவிட அவரைக் கூடுதலாகப் பிடித்திருந்தது. சுமாராக விடையளித்தவர் அதே தவற்றைச் செய்தபோதோ, அவர்மீதான விருப்பம் குறைந்தது. ஆகவே தயாரிப்பில் மட்டும் குறை வைக்கக் கூடாது. உரை முழுவதையும் மனப்பாடம் செய்யாமல், முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் முழுமையாக எழுதி, இடைப்பட்டதற்குக் குறிப்புச் சொற்களை ஒரு சிறு அட்டையில் வைத்துக்கொண்டு, ஊர் வழக்கு எட்டிப்பார்த்தாலும் கூச்சப்படாமல் உங்கள் இயல்பான குரலிலேயே பேசுங்கள்.